கடை கீழே, வீடு மேலே: உரிமையைப் பிரிப்பதில் இங்கிலாந்துச் சட்டம் தேடிய வழிகள்

இங்கிலாந்தின் பழைய கடைத்தெருக்களில் விக்டோரியா காலத்துச் செங்கல் கட்டடங்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கீழே கடை, மேலே ஒன்றிரண்டு தளங்களில் வீடு. கட்டிய காலத்தில் பெரும்பாலும் கடைக்காரரே மேலே குடியிருந்தார். ஒரே பத்திரம், ஒரே சொந்தக்காரர் என்பதால் சட்டத்துக்கும் வேலையில்லை. பிறகு குடும்பங்கள் புறநகருக்கு நகர்ந்தன. மேல்தளம் சரக்கறை ஆனது, அல்லது பூட்டிக் கிடந்தது. வீட்டு விலைகள் ஏறத் தொடங்கியதும் அதே மேல்தளம் தனியே விற்கத்தக்க சொத்தாக மாறியது. லண்டனில் கடை நடத்தும் ஈழத்தமிழரிடையேயும் அடிக்கடி எழும் கேள்வி இது: கடையை வைத்துக்கொண்டு மேல்வீட்டை மட்டும் விற்க முடியுமா? வீட்டை வைத்துக்கொண்டு கடையை விற்றால் என்ன ஆகும்?

விற்க முடியும் என்பதில் ஐயமில்லை. எந்த வடிவில் விற்பது, விற்ற பிறகு இரு சொந்தக்காரர்களையும் எது பிணைத்து வைக்கும் என்பவற்றில்தான் பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு விடைகள் வந்திருக்கின்றன. அவற்றுள் முதன்மையானவற்றையும் ஒவ்வொன்றும் எங்கே தடுக்கி விழுகிறது என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது. இங்கிலாந்தும் வேல்சும் ஒரே சட்டப் பரப்பு, ஸ்காட்லாந்து வேறு. அந்த வேறுபாடு இக்கேள்வியில் மிகவும் முக்கியமானது.

மண்ணுக்கு உரியவருக்கே மாடியுமா?

நிலத்தின்மேல் எழும்பியது நிலத்தைச் சேர்ந்தது என்பது ரோமானியச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. இடைக்கால உரையாசிரியர்கள் அதை இன்னும் நீட்டினார்கள்: நிலம் யாருடையதோ, அதற்கு மேலே வானம் வரையும் கீழே பாதாளம் வரையும் அவருடையதே. இந்த விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் மேல்தளத்தைத் தனிச் சொத்தாக்கவே முடியாது.

ஆங்கிலப் பொதுச்சட்டம் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. எட்வர்டு கோக் 1628இல் வெளியிட்ட உரைநூலிலேயே, கீழ்க்கட்டடமும் மண்ணும் ஒருவருக்கும் மேலறை இன்னொருவருக்கும் வழிவழி உரிமையாக இருக்கலாம் என்று எழுதினார். 1925ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. 'நிலம்' என்பதற்கு அது தரும் வரையறையில் கட்டடங்களும் கட்டடப் பகுதிகளும் அடங்கும். பிரிவு கிடைமட்டமாக இருந்தாலும் செங்குத்தாக இருந்தாலும் வேறு எப்படி இருந்தாலும் சரி. ஆக, முதல் மாடியை முழுச் சொத்தாக, அதாவது ஃப்ரீஹோல்டாக, கிரயம் செய்து பதிவும் செய்யலாம். வழக்கறிஞர் பேச்சில் இதற்குப் 'பறக்கும் ஃப்ரீஹோல்ட்' என்று பெயர்.

உரிமை யாருக்கு என்ற கேள்வி அத்துடன் முடிந்துவிட்டது. இருந்தும், இங்கிலாந்தில் கடைக்கு மேலுள்ள வீடுகளில் மிகச் சிலவே இந்த வடிவில் விற்கப்படுகின்றன. காரணம் கூரையில் இருக்கிறது.

கூரை ஒழுகினால் யார் செலவு?

கூரை மேல்வீட்டுக்காரருக்கு உரியது என்றால், அது ஒழுகும்போது கடைக்கும் சேதம். அடித்தளமும் தூண்களும் கடைக்காரருக்கு உரியவை என்றால், அவை தளர்ந்தால் மேல்வீடு ஆபத்தில். ஆகவே பிரிக்கும்போது இருவரும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறார்கள்: கூரையை நான் பராமரிப்பேன், சுவரை நீ பராமரி, செலவில் பாதி எனது. கையெழுத்திட்ட இருவருக்கும் இடையே அது செல்லும். சொத்து கைமாறிய பிறகு?

இங்கேதான் ஆங்கிலச் சட்டம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. ஒன்றைச் செய்யாதே என்று தடுக்கும் உடன்பாடு நிலத்தோடு சேர்ந்தே போகும். லண்டன் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டம் பற்றிய டல்க் எதிர் மாக்ஸ்ஹே வழக்கில் 1848இல் இது நிலைபெற்றது. ஒன்றைச் செய், பணம் செலவழி என்று கட்டாயப்படுத்தும் உடன்பாடு ஃப்ரீஹோல்ட் நிலத்தை அடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது. இது 1885இல் ஓல்டம் மாநகராட்சி சம்பந்தப்பட்ட ஆஸ்டர்பெரி வழக்கில் உறுதியானது. கடைக்கு மேல் கடை வைக்காதே என்று சொன்னால் வருங்காலச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அது பொருந்தும். கூரையை ஒழுகாமல் பார்த்துக்கொள் என்றால் பொருந்தாது.

இந்த விதியைச் சோதித்துப் பார்த்த வழக்கும் கூரை வழக்கே. சாமர்செட் மாவட்டத்தில் ஒரு பெரிய வீடும் ஒட்டிய குடிலும் 1960இல் பிரிக்கப்பட்டன. பெரிய வீட்டின் கூரையில் ஒரு பகுதி குடிலின் மேல் நீண்டிருந்தது. அந்தப் பகுதியைக் காற்றும் மழையும் புகாமல் பராமரிப்பதாக விற்றவர், தமக்கும் தமக்குப் பின் வருபவர்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். பிறகு இரு சொத்துகளும் கைமாறின, கூரை ஒழுகியது. ரோன் எதிர் ஸ்டீவன்ஸ் என்ற இவ்வழக்கில் 1994இல் பிரபுக்கள் அவை குடில்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நூறாண்டுக்கு மேலாக மக்கள் நம்பிச் சொத்து வாங்கிய விதியை நீதிமன்றம் திடீரென்று மாற்றக்கூடாது, மாற்றுவதானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்பது லார்ட் டெம்பிள்மன் வாதத்தின் சாரம். தீர்ப்பின் தர்க்கம் பலமானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவருக்கு அதனால் பயனில்லை.

விதியைச் சுற்றிப் போகும் உபாயங்களைக் கிரயப் பத்திரம் எழுதுபவர்கள் பல தலைமுறைகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் ஒவ்வொருவரும் தமக்கு விற்றவருக்கு ஈட்டுறுதி கொடுக்கும் சங்கிலி ஒன்று. இடையில் ஒருவர் இறந்தாலோ நொடித்தாலோ சங்கிலி அறுந்துவிடும். நன்மையை அனுபவிப்பவர் அதனோடு ஒட்டிய சுமையையும் ஏற்க வேண்டும் என்ற ஹால்சல் எதிர் பிரிசெல் தீர்ப்பு (1957) இன்னொன்று. சாலை, சாக்கடை போன்றவற்றுக்கு உதவும் அது கூரைக்கு எளிதில் பொருந்துவதில்லை. ரோன் வழக்கிலும் பொருந்தவில்லை. புதிதாக வாங்குபவர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டால் ஒழியப் பெயர்மாற்றம் பதிவாகக்கூடாது என்று நிலப் பதிவேட்டில் தடைக்குறிப்பு இடுவது மூன்றாவது. நடைமுறையில் ஓரளவு நம்பத்தக்கது இதுதான்.

உடன்பாடு எதுவுமே இல்லாவிட்டால்? கீழ்க்கட்டடம் மேலதைத் தாங்கி நிற்பது ஒரு வசதியுரிமையாகக் கருதப்படும். கடைக்காரர் தூணை இடிக்கக்கூடாது. ஆனால் தூண் தானாக உளுத்துப் போவதைத் தடுக்க அவர் செலவு செய்ய வேண்டியதில்லை. மேல்வீட்டுக்காரர் தம் செலவில் இறங்கி வந்து சரிசெய்துகொள்ளலாம். கதவைத் திறக்க மறுத்தால் 1992ஆம் ஆண்டின் அண்டை நில நுழைவுச் சட்டத்தின்படி நீதிமன்ற ஆணை பெறலாம்.

2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு திசையில் அடியெடுத்து வைத்தது. அபாஹால் எதிர் ஸ்மீ வழக்கில் மேல்தளங்களை எதிரிடை அனுபவத்தால் தமதாக்கிக்கொண்ட ஒரு பெண்மணி, கூரையைப் பழுதுபார்க்கவில்லை. தண்ணீர் கீழ்த்தளத்தில் இறங்கியது. அண்டை வீட்டாருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளும் நியாயமான கடமை என்ற அடிப்படையில், கூரையால் பயன்பெறும் இருவரும் செலவைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உடன்பாடே இல்லாத இடத்தில் கடமை பிறக்கிறது என்பதால் சிலர் இதை முக்கியமான திறப்பாகக் காண்கிறார்கள். அளவுக்கு மீறி அதன்மேல் சாயக்கூடாது என்பதே பாதுகாப்பான வாசிப்பு. கேடு நேர்ந்தோ நேரும் நிலை வந்தோதான் இக்கடமை எழும். ஆண்டுதோறும் செய்யவேண்டிய சாதாரணப் பராமரிப்புக்கு அது வழிவகுப்பதில்லை. வழக்குச் செலவு கூரைச் செலவைத் தாண்டிவிடவும் கூடும்.

அடமானக் கடன் தருபவர்கள் இந்தப் பட்டியல் முழுவதையும் படித்தவர்கள். பறக்கும் ஃப்ரீஹோல்ட் என்றதும் பலர் தயங்குகிறார்கள். கீழே மீன் வறுவல் கடையோ வேறு உணவுக்கடையோ இருந்தால் இன்னும் அதிகமாக.

குத்தகை என்ற சுற்றுவழி

ஆகவே இங்கிலாந்தின் நடைமுறை விடை குத்தகை. கடைக்காரர் கட்டடம் முழுவதன் ஃப்ரீஹோல்டையும் வைத்துக்கொள்வார். மேல்வீட்டை 99, 125 அல்லது 999 ஆண்டுக் குத்தகைக்கு மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு விற்பார். ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை நிலப் பதிவேட்டில் தனிச் சொத்தாகவே பதிவாகும். குத்தகையில் எழுதிய பராமரிப்பு வாக்குறுதி, யார் கைக்குச் சொத்து மாறினாலும் செல்லும். 1583இன் ஸ்பென்சர் வழக்கிலிருந்தே ஏற்கப்பட்ட கருத்து இது. 1996 முதல் எழுதப்படும் குத்தகைகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சீராக்கித் தருகிறது. ஃப்ரீஹோல்டில் ஓடாத கடமை குத்தகையில் ஓடுகிறது. இந்தப் பழைய விந்தையின்மேல்தான் இங்கிலாந்தின் அடுக்குவீடுகள் ஏறத்தாழ எல்லாமே நிற்கின்றன.

விலையும் உண்டு. குத்தகை நாள்தோறும் குறைந்துகொண்டே வரும் சொத்து. மீதிக்காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால், நீட்டிப்பதற்கான தொகை நெடுங்காலமாகக் கூடுதலாகவே இருந்து வந்திருக்கிறது. காப்பீடு, பெரிய மராமத்து, செலவுக் கணக்கு எல்லாம் கடைக்காரர் கையில். அவர் நேர்மையற்றவராக இருக்கத் தேவையில்லை. அக்கறையற்றவராக இருந்தாலே போதும், மேல்வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். நிலவாடகை என்ற பெயரில் வந்த ஆண்டுத் தொகையை மட்டும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது: அவ்வாண்டு ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய நீண்டகாலக் குடியிருப்புக் குத்தகைகளில், பெரும்பாலும் பெயரளவுக்கு ஒரு மிளகு மணிக்கு மேல் கேட்க முடியாது.

குத்தகையிலேயே இன்னொரு வடிவம் உண்டு. ஃப்ரீஹோல்டை ஒரு சிறு நிறுவனத்தின் பெயரில் வைத்து, கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனியே 999 ஆண்டுக் குத்தகை எழுதி, நிறுவனத்தில் இருவருக்கும் ஆளுக்கொரு பங்கு. எழுதும் செலவு கூடுதல். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் தொல்லையும் உண்டு. இருந்தாலும், இன்றுள்ள சட்டத்தில் ஒரு கடை, ஒரு வீடு என்ற ஜோடிக்கு ஒப்பீட்டளவில் நியாயமானது இதுவே எனலாம். இருவரும் முரண்பட்டால் முடிவெடுக்க மூன்றாவது ஆள் இல்லை என்ற குறை இதற்கும் உண்டு.

சீர்திருத்தங்கள் எண்ணிய கணக்கு

1967 முதல் நாடாளுமன்றம் குத்தகைதாரர்களுக்குச் சாதகமாகச் சட்டங்கள் இயற்றி வந்திருக்கிறது. கடைக்கு மேலுள்ள ஒற்றை வீட்டின் பக்கமிருந்து அவற்றைப் படித்தால் வேறு சித்திரம் தெரிகிறது.

1967ஆம் ஆண்டுச் சட்டம், நீண்டகாலக் குத்தகையில் 'வீடு' வைத்திருப்பவருக்கு அதன் ஃப்ரீஹோல்டைக் கட்டாயமாக விலைக்கு வாங்கும் உரிமை தந்தது. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக, முழுவதும் ஒரே குத்தகையில் உள்ள கட்டடம் 'வீடு' ஆகுமா? குராய்டனில் இருந்த அப்படியொரு கட்டடம் பற்றிய டாண்டன் வழக்கில் 1982இல் பிரபுக்கள் அவை பெரும்பான்மையாக 'ஆகும்' என்றது. தளம் தளமாகப் பிரித்த கட்டடத்தில் ஒரு தளம் மட்டும் இச்சட்டத்தின் கண்ணில் வீடாகாது. எனவே கடையும் வீடும் சேர்ந்தே இருந்தால், மற்ற நிபந்தனைகள் பொருந்தும் பட்சத்தில், முழு உரிமை பெற வழியுண்டு. பிரித்து எடுத்தால் அந்த வழி அடைபடும்.

அடுக்குவீட்டுக்காரர்கள் கூடி ஃப்ரீஹோல்டை வாங்க 1993ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. அதற்குக் கட்டடத்தில் குறைந்தது இரண்டு வீடுகளாவது வேண்டும். குடியிருப்பல்லாத பரப்பு முதலில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. 2002இல் வரம்பு 25 ஆனது. 2024ஆம் ஆண்டுச் சட்டம் அதை 50 ஆக்க வகை செய்தது. கட்டட நிர்வாகத்தை மட்டும் தம் கைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையில் இந்த 50 விழுக்காடு 2025 மார்ச் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. ஃப்ரீஹோல்ட் வாங்கும் உரிமையில் அதே நாளில் வரவில்லை. கடைகளுக்கு மேல் ஆறு, எட்டு வீடுகள் உள்ள கட்டடங்களுக்கு இந்த மாற்றம் பெரியது. ஒரே வீடு என்றால் விழுக்காடு எவ்வளவு உயர்ந்தாலும் 'இரண்டு வீடுகள்' என்ற முதல் வாசலிலேயே தடை. கட்டடத்தை விற்கும்போது குடியிருப்பவர்களுக்கு முதல் வாய்ப்புத் தரவேண்டும் என்ற 1987ஆம் ஆண்டு உரிமையும் அவ்வாறே இரண்டு வீடுகளைக் கேட்கிறது. ஒற்றை வீட்டுக்காரருக்கு உறுதியாக மிஞ்சுவது குத்தகையை நீட்டிக்கும் உரிமை மட்டுமே. அவ்வுரிமையைப் பெற முன்பு தேவைப்பட்ட இரண்டாண்டுக் காத்திருப்பு 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

கணக்கு எங்கே பிசகியது? சீர்திருத்தம் கோரியவர்கள் பெரிய அடுக்குமாடிகளின் குடியிருப்பாளர்கள். எதிர்த்தவர்கள் பெரிய நில உடைமையாளர்கள். கடைத்தெருவின் சிறிய ஜோடிகள் இரு தரப்பிலும் இல்லை.

காமன்ஹோல்ட்: வந்தும் வராத விடை

கூட்டுக் கட்டடத்தில் ஒவ்வொருவருக்கும் தம் பகுதி முழுச் சொத்து, பொதுப்பகுதி எல்லோரும் உறுப்பினரான சங்கத்துக்கு என்ற ஏற்பாடு உலகில் பல இடங்களில் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் 1961லும் சிங்கப்பூர் 1967லும் இலங்கை 1973லும் அவரவர் வடிவில் சட்டமாக்கின. இங்கிலாந்தில் ஆல்ட்ரிட்ஜ் தலைமையிலான குழு 1987இல் இதைப் பரிந்துரைத்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் 'காமன்ஹோல்ட்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த 20 ஆண்டுகளில் உருவான காமன்ஹோல்டுகளை எண்ண இரு கைகளும் இரு கால்களும் போதும்.

கடை–வீடு ஜோடிக்கு இதில் தனியான ஒரு முடிச்சு இருக்கிறது. அச்சட்டப்படி, தரைக்கு மேலுள்ள பகுதி காமன்ஹோல்ட் ஆக வேண்டுமானால், அதற்கும் தரைக்கும் இடைப்பட்ட எல்லாமே அதே காமன்ஹோல்டில் இருக்க வேண்டும். மேல்வீடுகள் மட்டும் சேர்ந்து காமன்ஹோல்ட் ஆக முடியாது. கடையும் உள்ளே வந்தாக வேண்டும். பறக்கும் ஃப்ரீஹோல்டின் சிக்கல்களைத் தவிர்க்கவே இந்த விதி. கடைக்காரர் மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்பது அதன் மறுபக்கம்.

சட்ட ஆணையம் 2020இல் தந்த அறிக்கை, ஒரே காமன்ஹோல்டுக்குள் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் அமைத்து வாக்கையும் செலவையும் பிரிக்கலாம் என்றது. லிஃப்ட் செலவைக் கடைக்காரர் ஏன் தரவேண்டும், கடை முகப்புச் செலவை வீட்டுக்காரர் ஏன் தரவேண்டும் என்ற சச்சரவுகளுக்கு இது பொருத்தமான தீர்வாகவே தோன்றுகிறது. புதிய அடுக்குவீடுகளுக்குக் காமன்ஹோல்டே இயல்பான வடிவமாக வேண்டும் என்று 2025 மார்ச் மாத அரசு வெள்ளை அறிக்கையும் சொன்னது. ஆனால் உறுப்பினர் இருவர் மட்டுமே என்றால் பெரும்பான்மை என்பதே கிடையாது. ஒருவர் ஆம், ஒருவர் இல்லை என்றால் சங்கம் இருந்தும் இல்லாத கதைதான்.

எடின்பரோவும் சென்னையும்

ஸ்காட்லாந்தில் தளம் தளமாக முழுச் சொத்து என்பது நூற்றாண்டுகளாக இயல்பான ஏற்பாடு. எடின்பரோவின் உயர்ந்த கல் கட்டடங்களில் கீழ்க்கடைகளும் மேல்வீடுகளும் தனித்தனிச் சொந்தக்காரர்களிடம் இருக்கின்றன. 20 ஆண்டுக்கு மேற்பட்ட குடியிருப்புக் குத்தகையை அந்நாடு 1974இலேயே தடுத்தது. பத்திரம் மௌனமாக இருக்கும் இடங்களை 2004ஆம் ஆண்டின் அடுக்குக் கட்டடச் சட்டம் நிரப்புகிறது. கூரை, அடித்தளம், தாங்கு சுவர் முதலியவற்றின் செலவு பொதுவாகச் சமப் பங்கு; மிகப்பெரிய பகுதியின் பரப்பு மிகச்சிறியதன் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் பரப்பின் விகிதப்படி. இதைவிட முக்கியமான இன்னொரு பிரிவு உண்டு. தாங்குதலும் காப்பும் தரும் பகுதியைப் பராமரிக்கும் கடமையை அச்சட்டம் அதன் சொந்தக்காரர்மேல் நேரடியாகச் சுமத்துகிறது. அவ்வாறு செலவிட்டவர் பங்கை மற்றவர்களிடம் கேட்டு வாங்கலாம். இதற்குக் கூட்டமோ பெரும்பான்மையோ தேவையில்லை. இருவர் மட்டுமே உள்ள கட்டடத்தில் இதன் மதிப்பு தெளிவு.

இந்தியா ஆங்கிலச் சட்டத்தின் பிள்ளை என்றாலும் இங்கே வேறு வழியில் போனது. நிலத்தில் கட்டியது தானாகவே நிலத்துக்காரருடையது ஆகிவிடும் என்ற விதி இந்நாட்டின் சட்டமோ வழக்கமோ அல்ல என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் தாகூர் சந்தர் பரமானிக் வழக்கில் 1866இலேயே சொன்னது. தமிழ்நாட்டில் கீழ்க்கடையையும் மேல்வீட்டையும் பிரிக்கும்போது மனையில் ஆளுக்கொரு பிரிபடாத பாகம், அதாவது யுடிஎஸ், எழுதப்படுகிறது. வாங்கியவருக்கு மண்ணில் நிலையான பங்கு உண்டு. நாள்தோறும் தேயும் குத்தகை இல்லை. மொட்டைமாடி யாருக்கு, கடைக்கு எத்தனை சதுர அடிப் பங்கு, இடித்துக் கட்டும்போது யார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பவற்றில் சச்சரவுகள் ஓயவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் அடுக்ககச் சொத்துரிமைச் சட்டம், மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதலோடு மறுகட்டுமானத்துக்கு வழி செய்தது. இருவர் மட்டும் உள்ள கட்டடத்தில் மூன்றில் இரு பங்கை எட்டுவதற்கும் பெரும்பாலும் இருவரின் சம்மதமும் வேண்டும்.

வரியும் தீயும்

நிலச்சட்டம் தயங்கிய இடத்தில் வரித்துறை எப்போதோ பிரித்துவிட்டது. ஒரே கட்டடமானாலும் கடைக்கு வணிக வரி, வீட்டுக்கு உள்ளாட்சிக் குடியிருப்பு வரி. வாங்கும்போது மட்டும் தலைகீழ்: கடையும் வீடும் ஒன்றாக வாங்கினால் கலப்புச் சொத்து, அதிகபட்ச முத்திரை வரி விகிதம் 5 விழுக்காடு. வீட்டைத் தனியே வாங்கினால் குடியிருப்பு விகிதம்; இரண்டாவது வீடென்றால் அதன்மேல் இன்னும் 5 விழுக்காடு. பிரிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள் உண்டு.

கட்டட விதிகள் கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான தளம் தீயைத் தடுத்து நிற்கக் கேட்கின்றன. தனி நுழைவாயிலும் தனிப் படிக்கட்டும் இருந்தால் அந்தத் தளமே 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டத்துக்கு உட்படும். அதில் கைவைக்கும் முன் மற்றவருக்கு அறிவிப்பு தரவேண்டும்.

தீராதவை

செயல் கேட்கும் உடன்பாடுகள் ஃப்ரீஹோல்டிலும் ஓட வேண்டும் என்று வில்பர்ஃபோர்ஸ் குழு 1965இல் சொன்னது. சட்ட ஆணையம் 1984இலும் 2011இலும் வெவ்வேறு வடிவில் அதையே சொன்னது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அது சட்டமாகவில்லை. காமன்ஹோல்ட் வந்தால் அது தேவையற்றதாகிவிடும் என்ற எண்ணம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காமன்ஹோல்ட் பெரிய கட்டடங்களுக்கு ஏற்ற கருவி. இருவருக்கு இடையே சங்கமும் ஆண்டுக் கூட்டமும் கேட்கும் அமைப்பைக் கடைத்தெருவின் சிறு சொந்தக்காரர்கள் விரும்புவார்களா என்பது திறந்த கேள்வி. ஏற்கெனவே குத்தகையில் உள்ள மேல்வீடுகளை எப்படி மாற்றுவது என்பதற்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட பாதை இன்னும் இல்லை.

எல்லா நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இத்தகைய சிறு கட்டடங்களுக்கு ஸ்காட்லாந்தின் விடையே மற்றவற்றைவிட வலுவாகத் தோன்றுகிறது. சொத்தின் வடிவத்தை மாற்றாமலேயே, கூரையையும் அடித்தளத்தையும் பராமரிக்கும் கடமையைச் சட்டமே நேரடியாகச் சுமத்தி, செலவைப் பங்கிடுகிறது. அதை அப்படியே எல்லைக்குத் தெற்கே கொண்டுவந்தால், குத்தகைகளை நம்பி எழுதப்பட்ட லட்சக்கணக்கான அடமானங்கள் என்ன ஆகும் என்பதை யாராவது கணக்கிட்டாக வேண்டும். அதுவரை கடையிலிருந்து வீட்டைப் பிரிக்க நினைப்பவர், உரிமை எழுதும் பக்கத்தைவிடக் கூரை, காப்பீடு, செலவுப் பங்கு எழுதும் பக்கங்களுக்கே தம் வழக்கறிஞரிடம் அதிக நேரம் கேட்டு வாங்க வேண்டும்.